மண் கற்பித்த மாணாக்கர்

கல்வி நூலளவில் அடங்குவதன்று. கண்ணாலும் கையாலும் கற்கப்படும் கல்வியும் உண்டு. அதற்கும் பாடமுண்டு, பயிற்சியுண்டு, பரீட்சையுமுண்டு. அத்தகைய கல்விகளுள் மட்கலம் வனையுங் கலை மிகப் பழையது. அக்கலையைக் கற்கப் புகுந்த மாணாக்கர் ஒருவர் உற்ற இடர்களையும், அவ்விடர்களினூடே அவர் வளர்ந்த முறையையும் இக்கட்டுரையில் ஆராய எண்ணுகின்றோம். அவர் பதினாறாம் நூற்றாண்டிலே பிரான்சு தேசத்தில் வாழ்ந்த பேணாட் பலிசி என்பவர்.

பலிசியின் கதை பள்ளி மாணவர்க்குப் புதியதன்று. சாமுவேல் ஸ்மைல்ஸ் என்பார் தன்முயற்சியைப் பாராட்டி 1859இல் வெளியிட்ட ஆங்கில நூலிலே பெருங்குயவர் மூவரைப் பற்றிய அதிகாரம் ஒன்றுண்டு. அம்மூவருள் முதல்வர் பலிசி. சூளைக்கு விறகு தீர்ந்துபோக, அவர் தம் வீட்டு மேசைகளையும் தளத்திற் பதித்த பலகைகளையும் பெயர்த்து நெருப்பிலிட்டார் என்பதும், ஈற்றில் வெற்றி பெற்றார் என்பதுமே அக்கதையின் சாரமாக மாணவர் உள்ளத்திற் பதிந்துள்ளன. "விடாது முயன்றால் வெல்லலாம்" என்பது அதிலிருந்து அவர்கள் பெறும் பாடம்.

கதை மெய்யே. ஆனால் அப்பாடம் பாதியளவே மெய்யாகும். பலிசி ஒரே செயலையே மீண்டும் மீண்டும் செய்திருப்பாராயின், மேசையோடு வீடு முழுவதையும் எரித்திருந்தாலும் அவர் தேடிய பொருள் கிடைத்திராது. அவரை வெல்வித்தது விறகின் மிகுதியன்று; ஒவ்வொரு தோல்வியையும் தனித்தனியே ஆராய்ந்து, அதன் காரணத்தைக் கண்டு, மறுமுறை அக்காரணத்தை நீக்கிய அறிவேயாகும். இதனை விளக்குவதே எம் நோக்கம்.

மண்ணின் இயல்பு

மட்கலம் வனைதல் காண்பார்க்கு எளிய தொழில் போலத் தோன்றும். சுழலுஞ் சக்கரத்தில் மண் வைக்கப்படுகின்றது. விரல் பட்டவுடன் அது கலமாய் எழுகின்றது. புறநானூற்றின் 32ஆம் பாட்டிலே கோவூர்கிழார் சோழன் நலங்கிள்ளியின் ஆற்றலைச் சொல்லுமிடத்து, குயவர்தஞ் சிறுவர் சக்கரத்திலே வைத்த பச்சைமண் திரள் அவர் கருதிய வடிவமெல்லாம் கொள்வதுபோல, நாடு அவன் கருத்துக்கு இசையும் என்று உவமை காட்டினார். அவ்வுவமையிலே குயவர் என்று மட்டுங் கூறாது சிறுவர் என்று கூறியமை நோக்கற்பாலது. இளமைதொட்டே தந்தையின் பக்கத்திலிருந்து பழகிய கைக்கே மண் அவ்வாறு இசையும். பழகாத கைக்கு அது இசையாது.

புதிதாகக் கற்பவன் எதிர்ப்படும் இடர்கள் பல. மண்ணை நன்கு பிசைந்து அதனுள் நிற்கும் காற்றைப் போக்குதல் வேண்டும். திரளைச் சக்கரத்தின் நட்ட நடுவில் நிறுத்துதல் வேண்டும். நடு இம்மியளவு தவறினும் கலம் ஆடி ஆடிக் கையை எற்றும். சுவர் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் அமையின், உலருங்காலத்துச் சுருக்கம் ஒவ்வாது வெடிக்கும். இவையெல்லாம் கற்பவன் கண்ணெதிரே நிகழ்வன. பிழை செய்த கணத்திலேயே பிழையின் பயன் தோன்றுதலின் கை தன்னைத் திருத்திக்கொள்ளும்.

சூளையின் இயல்பு இதற்கு மாறானது. வெயிலில் உலர்ந்த மண்ணினுள்ளும் அதன் அணுக்களோடு பிணைந்த நீர் உண்டு. 500 பாகை செல்சியஸ் அளவை அண்மிய வெப்பத்திலேயே அது பிரிந்து வெளியேறும். மண்ணிற் கலந்துள்ள படிகக்கல் 573 பாகையில் திடீரெனப் பருமன் மாறும். சூளை ஆறும்போது அப்பாகையை விரைந்து கடப்பின் கலம் பிளக்கும். இம்மாற்றங்கள் யாவும் மூடிய வாயினுள்ளே நிகழ்வன. சூளை எரிந்து முடிந்து முற்றாக ஆறிய பின்னரே கலத்தைக் காணலாம். செய்த பிழைக்கும் கண்ட பயனுக்குமிடையே நாட்கள் பல கழிந்துவிடும். எப்பிழைக்கு எப்பயன் என்று அறிதல் அங்கேதான் அரிதாகின்றது. மட்கலக் கல்வியின் முழு வன்மையும் இவ்விடத்திலே உள்ளதென்க.

பலிசி கற்ற வரலாறு

பலிசி 1510ஆம் ஆண்டளவிற் பிறந்தவர். இலத்தீனும் கிரேக்கமும் கற்றிலர். கண்ணாடியில் ஓவியந் தீட்டுதலும் நிலமளத்தலும் அவர் அறிந்த தொழில்கள். மனைவி மக்களோடு சேந்த் என்னும் ஊரில் அவர் வாழ்ந்துவந்த காலத்து, 1540ஐ அடுத்து, ஒரு கிண்ணத்தைக் கண்டார். மண்ணாற் செய்த அக்கிண்ணத்தின்மேற் கண்ணாடிபோற் பளபளக்கும் பூச்சொன்று படிந்திருந்தது. இதனை ஈண்டுப் பளிங்குப்பூச்சு என வழங்குவோம். அப்பூச்சின் மறையைத் தாமே கண்டறிய அவர் துணிந்தார். அந்நாளில் அவர்க்கு மண்ணின் வகையும் தெரியாது. சூளையின் வகையும் தெரியாது. இருளிலே தடவித் தேடும் ஒருவனைப்போலத் தாம் தேடியதாகப் பிற்காலத்தில் அவரே எழுதியுள்ளார்.

தமக்குத் தோன்றிய பொருள்களையெல்லாம் அரைத்தார். மட்சட்டிகளை வாங்கி உடைத்து, ஓடுகளின்மேல் அவ்வரைப்புக்களைப் பூசி, தாமே கட்டிய அடுப்பிலிட்டு எரித்தார். எத்துணை வெப்பம் வேண்டும் என்பதை அறியாமையால் சில ஓடுகள் கருகின, சில வேகாதொழிந்தன. ஆண்டுகள் சில இவ்வாறு கழிந்தன. பின்னர் முந்நூறு நானூறு ஓடுகளை அயலூர்க் குயவரின் சூளைக்கு அனுப்பினார். அவற்றுள் ஒன்றேனும் உருகவில்லை. குயவர் சூளையின் வெப்பம் அப்பூச்சை உருக்கப் போதாதென்பதைக் காலஞ்சென்றே உணர்ந்தார்.

இந்நிலையிற் பொருள் முட்டுப்பட, அரசாங்கத்தார்க்காக அப்பகுதியின் உப்பளங்களை அளக்கும் வேலையை மேற்கொண்டார். கூலி கிடைத்ததும் மறுபடியும் சட்டிகளை வாங்கி உடைத்தார். இம்முறை ஓடுகள் கண்ணாடி செய்வாரின் உலைக்குச் சென்றன. அவ்வுலை வெப்பம் மிக்கது. சில ஓடுகளிற் பூச்சு உருகத் தொடங்கியிருந்தது. அக்குறிப்பைப் பற்றிக்கொண்டு மேலும் ஈராண்டு உழைத்தார். ஈற்றில் முந்நூறுக்கு மேற்பட்ட கலவைகளை ஒருசேர உலையிலிட்டபோது, அவற்றுள் ஒரேயொரு துண்டு நான்கு மணி நேரத்துள் உருகி, ஆறியபின் வெண்மையும் வழுவழுப்பும் பெற்று விளங்கியது. தாம் புதிதாய்ப் பிறந்தது போன்ற மகிழ்ச்சியை அன்று அவர் எய்தினார்.

ஆயினும் துண்டில் வென்றது கலத்தில் வென்றதாகாது. கண்ணாடி உலையை ஒத்த சூளையொன்றைத் தம் கையாலேயே கட்டினார். உதவிக்கு ஆளின்றிச் செங்கல்லைத் தம் முதுகிலே சுமந்தார். நீரையும் தாமே இறைத்தார். கலங்களைச் செய்து, பூச்சிட்டு, ஆறு பகலும் ஆறு இரவும் எரித்தார். பூச்சு உருகவேயில்லை. மற்றைப் பொருள்களை உருகச் செய்யும் பொருள் கலவையிற் குறைந்துவிட்டதென உய்த்துணர்ந்து, புதிதாக அரைத்து மீண்டும் எரித்தார். விறகு தீர்ந்தது அப்பொழுதுதான். தோட்டத்துப் பந்தற்கால்கள் முதலில் எரிந்தன. மேசைகளும் தளப்பலகைகளும் பின்னர் எரிந்தன. ஊரார் அவரைப் பித்தர் என்றனர். கள்ளநாணயம் அடிக்கின்றார் என்றும் சிலர் தூற்றினர். வீட்டிலும் ஆறுதல் கிடைத்திலது. கடனும் பெருகிற்று. குடும்பத்தார் பட்ட துன்பத்தை மறைத்து அவர் முயற்சியை மட்டும் புகழ்தல் நடுவுநிலைமை ஆகாது.

அதன் பின்னும் இடர் ஓயவில்லை. பிறிதொருமுறை சூளையின் சாந்திலே சக்கிமுக்கிக் கற்கள் கலந்திருந்தன. சூளை சூடேறியதும் அவை வெடித்துச் சிதறி, உருகிய பூச்சிலே ஒட்டிக்கொண்டன. கலத்தைத் தடவிய கையை அவை கத்திபோல் அறுத்தன. அவற்றை மலிவாக வாங்குவதற்கு ஆட்கள் வந்தனர். கடன்காரர் வாயிலில் நிற்க, அக்கலங்களை விற்றுத் தம் பெயருக்கு மாசு தேட மனமின்றி, அனைத்தையும் உடைத்தெறிந்துவிட்டுப் படுக்கையில் வீழ்ந்தார். மற்றொருமுறை நெருப்பிலிருந்து எழுந்த சாம்பல் பூச்சின்மேற் படிந்து கலங்களைக் கெடுத்தது. இவ்வாறு பதினைந்து பதினாறு ஆண்டுகள் கழிந்தன.

மூவகைக் காரணம்

சைவசித்தாந்த நூல்களைப் பயிலும் மாணவர் காரணம் மூவகைப்படும் என்பதை அறிவர். குடம் என்னும் காரியத்திற்கு மண் முதற்காரணம், தண்டமும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். உலகத் தோற்றத்தை உணர்த்த ஆன்றோர் எடுத்தாண்ட இவ்வுவமையை அதன் பிறப்பிடமாகிய வனைதற்றொழிலுக்கே மீட்டுக் கொணர்ந்து பொருத்திப் பார்ப்போம். குடம் உண்டாதற்கு மூன்று காரணம் வேண்டுமாயின், குடம் கெடுதற்கும் அம்மூன்றனுள் ஒன்றிலோ பலவற்றிலோ குறை இருத்தல் வேண்டும்.

பூச்சு உருகாமைக்கு ஒருமுறை கலவையின் குறை காரணமாயிற்று. அது முதற்காரணத்தின் குற்றம். பிற்காலத்தில் அவர் பல்லியும் பாம்பும் நண்டும் ஆமையும் உருவாக அமைந்த தட்டுக்களைச் செய்தபோதும் இத்தகைய குற்றமே தோன்றிற்று. பல்லியின் பச்சை கருகிய பின்னரே பாம்பின் நிறம் உருகியது. வெள்ளை தன் அழகைப் பெறுமுன்னே மற்றை நிறங்கள் உருகிவிட்டன. ஒவ்வொரு நிறத்திற்கும் உருகும் வெப்பம் வெவ்வேறாதலின், யாவும் ஒருங்கே உருகும்படி கலவைகளைத் திருத்தியமைக்க வேண்டியதாயிற்று.

குயவர் சூளையின் வெப்பக் குறைவும், சாந்திற் கலந்த கல்லும், பறந்த சாம்பலும் துணைக்காரணத்தின் குற்றங்கள். இவற்றை அவர் வெவ்வேறு வழியாற் களைந்தார். வெப்பக் குறைவுக்குக் கண்ணாடி உலையை நாடினார். சாம்பலுக்கு மண்ணாலேயே கூடுகள் செய்து, கலங்களை அவற்றினுள் வைத்துச் சுட்டார். கலம் கெட்டவிடத்து ஒவ்வொரு முறையும் பூச்சையே மாற்றியிருப்பாராயின் சாம்பலின் தீங்கு ஒருநாளும் நீங்கியிராது.

மண்ணின் தன்மையையும் சூளை கட்டும் முறையையும் கல்லாமலே தொழிலில் இறங்கியது நிமித்தகாரணத்தின் குற்றம். வெண்பூச்சைக் கண்டறிந்த பின்னரும் கலஞ்செய்யப் பழகுவதற்கே அவர்க்கு ஏழெட்டு மாதம் சென்றது.

மாணவரின் வழக்கம் இதற்கு மாறாக இருத்தலை நாம் நாள்தோறும் காண்கின்றோம். ஒருசாரார், எது தவறினும் "நான் மந்தன், எனக்கு இது வராது" என்று குற்றம் முழுவதையும் தம்மேல் ஏற்றிக்கொண்டு சோர்கின்றனர். மற்றொருசாரார், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றது போல, வினாத்தாளையும் ஆசிரியரையும் நூலையும் குறை கூறுகின்றனர். இருசாராரும் ஆராய்ச்சி செய்தாரல்லர். குற்றம் எக்காரணத்தைச் சார்ந்ததென வகுத்தறிந்தவனுக்கு வீண்சோர்வும் இல்லை; வீண்பழியும் இல்லை; அடுத்துச் செய்யற்பாலது யாதென்பது மட்டுமே எஞ்சும்.

குறிப்பெழுதுங் குணம்

பலிசியின் கதையைச் சொல்வோர் பலர் விட்டுவிடும் செய்தி ஒன்றுண்டு. தொடக்கத்திலே சட்டிகளை உடைத்துப் பூச்சிட்டபோதே, அவர் ஒவ்வோர் ஓட்டிற்கும் அடையாளமிட்டு, அதிற் பூசிய பொருள்கள் இவை என ஞாபகத்தின் பொருட்டு வேறாக எழுதிவைத்தார். முந்நூறு துண்டுகளில் ஒன்று வெண்மையாய் வெளிவந்தபோது அக்கண்டுபிடிப்பு பயன்பட்டது இக்குறிப்பினாலன்றோ? குறிப்பில்லையேல் அத்துண்டு ஓர் அதிசயமாய் நின்றிருக்கும்; அறிவாய் மாறியிராது.

1580இல் அவர் வெளியிட்ட நூல், கொள்கை, செய்கை என்னும் இரு பாத்திரங்கள் உரையாடுவதாக அமைந்தது. மண்ணின் கலை பற்றிய பகுதியிலே கொள்கை பூச்சின் மறையைக் கேட்கின்றது. செய்கை எளிதில் விடை கூறவில்லை. தான் பட்ட பாடுகளையெல்லாம் சொல்லியபின், வெள்ளீயம், காரீயம், இரும்பு, அந்திமனி, செம்பு, மணல் முதலிய பொருள்களின் பெயரைச் சொல்கின்றது, அளவைச் சொல்லவில்லை. அளவைத் தேடுகையிற் செய்த பிழைகளே எளிதிற் கைகூடியவற்றினும் மிகுதியாகத் தனக்குக் கற்பித்தன என்பது செய்கையின் கருத்து. தொழின்மறையைக் காக்கும் நோக்கமும் அதில் இருந்திருக்கலாம். ஆயினும் விடையை மட்டும் பெற்றவன் விடைக்குச் செல்லும் வழியைப் பெற்றவனாகான் என்னும் உண்மை அதனாற் குன்றாது.

அவருடைய வளர்ச்சி குயத்தொழிலோடு நின்றுவிடவில்லை. மொன்மொரான்சிப் பிரபுவும், அரசமாதா கதரீன் த மெடிசியும் அவரை ஆதரித்தனர். பாரிசிலே அரசமாதாவின் துயிலரீ மாளிகைத் தோட்டத்துக்கு மட்பாண்டத்தாலாய குகையொன்றை அமைக்கும் பணி அவர்க்குக் கிடைத்தது. 1575 முதல் அந்நகரிலே மண், கல், நீர் என்பனவற்றின் இயல்பைப் பற்றிக் கற்றோர் அவையில் விரிவுரைகள் நிகழ்த்தினார். சூளை கற்பித்த நோக்குமுறையே அவரை இயற்கையாராய்ச்சியாளருமாக்கிற்று. புரட்டஸ்தாந்த சமயத்தைக் கைவிட மறுத்தமையாற் சிறைப்பட்டு, 1590ஆம் ஆண்டளவில் பஸ்தீல் சிறையிலேயே உயிர் நீத்தார். 1980களில் பாரிசின் லூவர் அரண்மனைச் சூழலில் நடந்த அகழ்வின்போது அவர் தொழிற்சாலையின் உடைந்த துண்டுகளும் அச்சுக்களும் பெருந்தொகையாகக் கிடைத்தன.

ஆசிரியரின் இடம்

இனி ஒரு வினா எழும். ஆசிரியரின்றியே பலிசி கற்றாரெனின், ஆசிரியர் எதற்கு?

இதற்கு விடை இங்கிலாந்தின் யொசையா வெட்ஜ்வுட் வரலாற்றிலே கிடைக்கும். 1730இற் பிறந்த அவர் குயவர் குடியினர். 1744இலே, பதினான்கு வயதில், தம் தமையனாரிடம் ஐந்தாண்டுத் தொழிற்பயிற்சிக்கு ஒப்பந்தமானார். இளமையிற் கண்ட அம்மைநோய் அவர் வலமுழங்காலை வலுவிழக்கச் செய்திருந்தது. 1768இல் அக்கால் வெட்டி நீக்கப்பட்டது. சக்கரத்தை மிதித்து வனைதற்கு இயலாத அவர் தம் கருத்தைச் சோதனைகளிற் செலுத்தினார். தாம் செய்த சோதனைகளுக்கு எண்ணிட்டுப் பதிவு செய்தார். யாஸ்பர் எனப்படும் புகழ்பெற்ற மட்கல வகை ஆயிரக்கணக்கான சோதனைகளின் பின்னரே 1770களிற் கைகூடியது. எண் பொறித்த அச்சோதனைத் துண்டுகள் இன்றும் காட்சிச்சாலையில் உள.

சூளையின் உள்வெப்பத்தை அளக்க வழியின்மையே பலிசியை வருத்திய பேரிடர். வெட்ஜ்வுட் அதற்கும் ஒரு வழி கண்டார். வெப்பம் ஏற ஏறக் களிமண் சுருங்கும் இயல்பினது. ஒரேயளவாய்ச் செய்த சிறு மண்துண்டுகளைச் சூளையிலிட்டெடுத்து, வரவரக் குறுகிச் செல்லும் பள்ளமொன்றில் அவற்றை நகர்த்தி, எவ்வளவு தூரம் செல்கின்றன என்பதைக் கொண்டு அவற்றின் சுருக்கத்தையும் அதன்வழி வெப்பத்தையும் மதிப்பிட்டார். 1782இல் இலண்டன் இராயல் சங்கத்துக்கு அதனை அறிவித்தார். அடுத்த ஆண்டு அச்சங்கத்தின் உறுப்பினரானார்.

இருவரும் உழைத்தனர், இருவரும் குறித்தனர். வேறுபாடு தொடங்கிய இடத்திலே உள்ளது. மண்ணின் வகையும் சூளையின் வகையும் வெட்ஜ்வுட்டுக்கு இளமையிலேயே கற்பிக்கப்பட்டன. பலிசி பல்லாண்டு தடவித் தடவிக் கண்டவற்றுட் பல, குயவர் குடிப் பிள்ளை பயிற்சிக் காலத்திலேயே அறிந்துகொள்வன. ஆசிரியர் மாணவனுடைய பிழையை நீக்கிவிட வல்லவரல்லர். பிழை செய்யாமற் கற்பாருமிலர். பிறர் முன்னமே செய்து முடித்த பிழைகளில் மாணவனின் காலம் கழியாதவாறு காத்து, புதிய பிழைகளைச் செய்தற்கு அவனை உரியவனாக்குதலே ஆசிரியர் தொழில்.

மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும்

பரீட்சை என்பதும் ஒருவகைச் சூளையே. மாணவன் எழுதிக் கொடுத்த விடைத்தாள் அவன் காணாதவிடத்திலே திருத்தப்படுகின்றது. பன்னாட்களின் பின் பெறுபேறு வருகின்றது. அதில் ஓரெழுத்து மட்டுமே உளது. சித்தியெய்தாமைக்குக் காரணம் இன்னதென அவ்வெழுத்து உரைப்பதில்லை. தவறிய மாணவனை நோக்கி "இன்னும் கடினமாகப் படி" என்கின்றோம். இஃது உருகாத பூச்சுக்கு "இன்னும் விறகிடு" என்பதை ஒக்கும். சிலவேளை விறகே குறையாயிருக்கலாம். பலவேளை குறை பிறிதோரிடத்தில் இருக்கும். கணக்கிலே தவறிய பிள்ளைக்கு உண்மையில் வராதது கணக்கோ, வினாவின் மொழியோ, நேரத்தைப் பங்கிடும் முறையோ என ஆராய்ந்தறியாமல் மறுபடியும் அதே பரீட்சைக்கு அனுப்புதல், சாம்பலை நீக்காமற் சூளை மூட்டுவதேயாகும்.

ஆதலின் ஒவ்வொரு மாணவனும் பாடந்தோறும் பிழைக்குறிப்பேடு ஒன்று வைத்துக்கொள்ளுதல் நன்று. திருத்திய தாள் கைக்கு வந்ததும் புள்ளியை மட்டும் நோக்கி மடித்து வையாது, பிழை இன்னது, அது பொருளறியாமையால் வந்ததோ, கருவியாகிய மொழியும் முறையும் தவறியதால் வந்ததோ, தன் கவனக்குறைவால் வந்ததோ என மூவகையாக வகுத்து எழுதுக. மாதமொருமுறை அவ்வேட்டைப் புரட்டுக. ஒரே பிழை மீண்டும் மீண்டும் காணப்படின் அதனை ஆசிரியரிடம் காட்டுக. புதிய பிழைகள் காணப்படின் அஞ்சற்க; அவை வளர்ச்சியின் அடையாளம்.

கல்லூரியின் இவ்விழாவிலே சிறந்த பெறுபேறு பெற்றோரின் பெயர்கள் பாராட்டப்படுதல் முறையே. பழைய மாணவர்க்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் ஒன்றுண்டு. உங்கள் தம்பியரையும் மக்களையும் காணும்பொழுது நீங்கள் எய்திய பதவிகளை மட்டும் சொல்லாதீர்கள். எவ்விடத்தில் உங்கள் கலம் வெடித்தது, எதனால் வெடித்தது, அடுத்தமுறை எதனை மாற்றினீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அவ்வனுபவங்களை எழுதித் தருவீர்களாயின் அவை கல்லூரி நூல்நிலையத்தில் வைக்கத் தகும். வருங்கால மாணவர் பதினாறு ஆண்டு தடவவேண்டியவற்றை ஒரு மாலைப்பொழுதிலே படித்தறிந்துகொள்வர்.